பதினைந்து வெள்ளிச் சட்டையின் மீதி விலை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனின் கடைத்தெருவான லெபு பசாரில் தோள் உரசாமல் நடக்க முடியாத ஒரு சனிக்கிழமை மாலை. அக்காள் மகள், கம்பியில் தொங்கிய பருத்திக் குர்த்தி ஒன்றை இழுத்து விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"சித்தி, பதினஞ்சு வெள்ளிதான். போன மாசம் பாவாடைக்கு ஓரம் அடிச்சு நாடா வைக்கவே தையல்கார ஆன்ட்டி பன்னெண்டு வெள்ளி வாங்குனாங்க. இவங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?"

(எங்கள் ஊரில் வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்; நூறு சென் ஒரு வெள்ளி.) அவளுக்குப் பதினான்கு வயது. அந்த நெரிசலில் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடிந்தது ஒரே வரி. "கட்டுப்படியாகலம்மா. மிச்சத்த வேற யாரோ கட்டுறாங்க."

"யாரு?"

அந்த 'யாரு'வுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அவளைப் போல இந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்பவர்களுக்காக. பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை.

ஒரு பொருளைச் செய்து கடைக்குக் கொண்டுவர ஆகும் செலவில் ஒரு பகுதியைச் செய்பவரே கட்டுகிறார். நூல், கூலி, மின்சாரம், கப்பல் வாடகை, கடை வாடகை எல்லாம் அதில் அடக்கம். அவை விலையில் ஏறி நம்மிடம் வந்துவிடும். இன்னொரு பகுதி உண்டு. அதைச் செய்பவரும் கட்டுவதில்லை, வாங்குபவரும் கட்டுவதில்லை. சாயத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டால், கிணறு கெட்டுப்போன விவசாயி அதைக் கட்டுகிறார். கட்டடத்தின் தூணில் மிச்சம் பிடித்தால், அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைப்பவர் கட்டுகிறார். பழந்துணியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோமோ, அந்த ஊர் கட்டுகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்பார்கள். ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இலேயே இதை விளக்கினார். பிறர் தலையில் விழும் செலவுக்கு ஈடாக வரி போட்டு, அதை விலைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. நான் இங்கே 'ரசீதில் வராத செலவு' என்றே சொல்கிறேன்.

பினாங்குக்காரர்களுக்கு இது புதிதில்லை. நெகிழிப் பை ஞாபகம் இருக்கிறதா? 2009 ஜூலையில் மாநில அரசு, திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை கிடையாது என்று தொடங்கியது. 2011 ஜனவரி 1 முதல் எந்த நாளும் கிடையாது. வேண்டுமென்றால் அப்போது 20 சென். அதற்கு முன்பு பை ஓசி. ஆனால் மழையில் அந்தப் பைகள் போய் அடைத்த கால்வாயைத் தோண்டி எடுக்க ஆள் வைத்தது நகராண்மைக் கழகம். அந்த ஆளுக்குச் சம்பளம் நாம் கட்டும் வீட்டு வரியிலிருந்து போனது. கடைக்காரர் ரசீதில் இல்லாத செலவு வேறொரு ரசீதில் இருந்தது, அவ்வளவுதான். 20 சென் பெரிய காசில்லை. ஆனாலும் என் அம்மா சந்தைக்குப் போகும்போது துணிப்பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பை ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு கால்வாய். சட்டை அப்படியில்லை. அது நான்கைந்து நாடுகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் செலவை இறக்கிவைத்துவிட்டு வருகிறது.

நொய்யல் கட்டிய தொகை

லெபு பசார் கடைக்காரர்கள் பலர் சரக்கெடுக்கத் தமிழ்நாட்டுக்குப் போய் வருபவர்கள். அதனால் திருப்பூரிலிருந்து தொடங்குகிறேன். நம் சொந்தக்காரர்கள் ஊர் என்பதால் அங்கே நடந்ததைப் பேசாமல் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் தாண்டி, கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கும் ஆறு. திருப்பூரின் பனியன் தொழில் ஏற்றுமதிக்குத் திரும்பி வேகமாக வளர்ந்தபோது, சாயப்பட்டறைகளும் ஆற்றங்கரையில் பெருகின. பருத்தியில் சாயம் நன்றாகப் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். துணி குடிக்காமல் விட்ட சாயமும், போட்ட உப்பும், அலசிய தண்ணீரோடு வெளியேறும். நிறத்தை நீக்குவதற்காவது வழிகள் உண்டு. தண்ணீரில் கரைந்துபோன உப்பைப் பிரித்தெடுப்பது கடினமான வேலை, பணமும் அதிகம் பிடிக்கும். ஆகவே அது ஆற்றோடு போனது.

ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணையைத் திறந்தால் வயல் செத்துவிடும் என்பதால், திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலைக்கு விவசாயிகள் வந்தார்கள். ஒரு விவசாயி தண்ணீர் வேண்டாம் என்கிறார்! மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று வானத்தையும் செய்தியையும் மாறிமாறிப் பார்க்கும் ஒரு மாநிலத்தில் இது நடந்தது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விழக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. அது நடக்காமல் போகவே, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்த பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அந்த ஏற்பாட்டுக்கு வடிகட்டும் சவ்வு வேண்டும், கொதிக்கவைக்க எரிபொருள் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ துணிக்குச் சாயம் போடும் செலவு ஏறியது. அதுவரை நொய்யல் கட்டிக்கொண்டிருந்த தொகை, அன்றைக்குத்தான் பட்டறையின் கணக்குப் புத்தகத்துக்கு வந்தது.

பட்டறைக்காரரின் பேராசை என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிடாதீர்கள். சாயம் போடுபவரை விலை பேசி இறுக்குவது ஏற்றுமதியாளர். ஏற்றுமதியாளரை இறுக்குவது வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனம். "சட்டைக்கு இவ்வளவுதான், முடியாதென்றால் வேறு நாட்டில் எடுத்துக்கொள்கிறோம்" என்பது அவர்கள் பேச்சு. ஓர் ஊர் தன் ஆற்றைக் காப்பாற்ற விலையை ஏற்றினால், ஆற்றைக் காப்பாற்றாத இன்னோர் ஊருக்கு ஆர்டர் போகும். இந்தத் தொழிலின் ஆகப் பெரிய கேடு இந்தப் போட்டிதான் என்பது என் எண்ணம்.

ஜீன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வாங்கும்போதே பழையதுபோல வெளுத்துத் தெரியும் ஜீன்ஸை, அழுத்தக் காற்றில் மணலை அடித்து வெளுக்கவைக்கும் முறை ஒன்று உண்டு. அந்த மணல்தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும், அதற்குக் குணமில்லை. துருக்கியில் அந்த வேலை செய்த இளைஞர்கள் பலர் மூச்சு முட்டி இறந்த பின்னர், 2009இல் அந்த நாடு அம்முறையைத் தடைசெய்தது. துணி பழசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் இருபது வயதுப் பையனின் நுரையீரல் போகலாமா? அழகுணர்ச்சியைப் பற்றி எந்த வாதம் வைத்தாலும் இதை என்னால் ஏற்க முடியாது.

தைத்தவர் கை

2013 ஏப்ரல் 23. வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் உடனே மூடப்பட்டன. மேல் மாடிகளில் தையல் ஆலைகள். அந்த மாடிகளில் சிலவற்றை அனுமதியில்லாமல் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டல். மின்சாரம் தடைப்பட்டு ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கியதும் கட்டடம் இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். காயமடைந்தவர்கள் சுமார் 2,500 பேர்.

வங்கி ஊழியருக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் அதே விரிசலைத்தான் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் வசதி ஒருவருக்கு இருந்தது. மற்றவருக்கு அன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் வங்காளதேசப் பணத்தில் 3,000 டாக்கா. அதை இழந்தால் வாடகையில்லை, அரிசியில்லை.

அந்தக் கட்டடத்தில் மலிவு விலை உடைகளும் தயாராயின, பேரங்காடிகளில் நல்ல விலைக்கு விற்கும் முத்திரைகளின் உடைகளும் தயாராயின. ஆகவே 'நான் விலை கூடியதைத்தான் வாங்குகிறேன், எனக்கு இதில் பங்கில்லை' என்று யாரும் ஒதுங்க முடியாது. விலைச் சீட்டில் கூடுதலாக எழுதிய தொகை தைத்தவருக்குப் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஐரோப்பாவில் 29 யூரோவுக்கு விற்கும் ஒரு டீசட்டையின் விலையைப் பிரித்துப் பார்த்தபோது, தைத்த தொழிலாளிக்குச் சேர்ந்தது 18 சென்ட். ஒரு யூரோவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கூலியை அப்படியே இரட்டிப்பாக்கி, அதை முழுக்க வாங்குபவர் தலையில் வைத்தாலும் சட்டை விலை 29 யூரோ 18 சென்ட். கூலியை உயர்த்தினால் ஏழைகள் துணி வாங்க முடியாது என்று யாராவது சொன்னால், இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வங்காளதேசத்தில் 2023 டிசம்பரிலிருந்து தையல் ஆலைகளில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. அப்போதைய மாற்று விகிதத்தில் சுமார் 500 வெள்ளி. தொழிற்சங்கங்கள் கேட்டது 23,000 டாக்கா. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானபோதே போதவில்லை என்கிறோம். அது உண்மையும்கூட. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் அம்மா 1980-களில், பினாங்குத் தீவுக்கு அக்கரையில் உள்ள பிறை என்ற ஊரில், ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்தவர். மணிக்கு இத்தனை காலர் என்று கணக்கு. கழிப்பறைக்குப் போக வரிசைக்கு ஓர் அட்டை; அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். "தண்ணி குடிக்காம இருந்துட்டா தொல்லையில்ல" என்று அம்மா சாதாரணமாகச் சொல்வார். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு வந்த சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவமனைச் செலவு நாங்கள் கட்டினோம். அது அந்தச் சட்டைகளின் விலையில் இருந்திருக்க வேண்டிய பணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

செலவை ரசீதுக்குள் கொண்டுவந்த இரண்டு ஏற்பாடுகளையும் சொல்ல வேண்டும். ராணா பிளாசா இடிந்த அடுத்த மாதமே, தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. வெறும் வாக்குறுதியாக விடாமல், மீறினால் சட்டப்படி கேட்கலாம் என்று எழுதியதுதான் அதன் பலம். ஆலைகளில் பொறியாளர்கள் நுழைந்து தூண்களையும் தீவழிகளையும் சோதித்தார்கள். இரண்டாவது நம் தமிழ்ப் பெண்கள் பெற்றது. 2021இல் திண்டுக்கல் வட்டாரத்தில் ஏற்றுமதி ஆலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பெண்களே தலைமை தாங்கும் ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலைக்குள் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையையும் சாதிக் கொடுமையையும் தடுக்க, ஆலை முதலாளியையும் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனத்தையும் அது சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

டயருக்குள் இருந்த பாட்டி

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்கும் மலேசியத் தமிழர் யாராவது இருந்தால், அவர் தன் பாட்டியை மறந்துவிட்டார் என்றே சொல்வேன்.

என் பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு. தண்டல் பேர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று குரல் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுக் தோளில் தூக்கும் காண்டா வாளியோடு மலையேற வேண்டும். அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கூட்டிவந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. ஒரே மலையில் ஒரே வேலை செய்தாலும் பெண்ணுக்கு ஆணைவிடக் கூலி குறைவு. காட்டை அழித்து மரம் நட்ட முதல் தலைமுறையில் மலேரியாக் காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

அந்த ரப்பர் கப்பலேறிப் போய், லண்டனிலும் அமெரிக்காவிலும் கார்களுக்கு டயரானது. டயர் வாங்கியவர் கையில் ஒரு ரசீது இருந்திருக்கும். அதில் லயத்துக் காய்ச்சல் எழுதியிருக்காது. எங்கள் பாட்டி ரசீதில் வராத செலவாக இருந்தவர். அவர் கட்டியதைத்தான் நாங்கள் மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடம் தேடியும் வீடு தேடியும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதே பால், இன்று கையுறை. கொரோனா ஆண்டில் உலகம் முழுக்க மருத்துவர்கள் கையில் மாட்டிய ரப்பர் கையுறைகளில் பெரும்பங்கு மலேசியாவில் செய்தவை. 2020 ஜூலையில் ஒரு மலேசியக் கையுறை நிறுவனத்தின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. கட்டாய உழைப்பு என்ற சந்தேகம். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், வேலை கிடைக்க ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்காகக் கடன் வாங்கியவர்கள். அந்தக் கடன் தீரும்வரை அவர்களால் அசைய முடியாது. தடை விழுந்த பிறகு, அந்தப் பணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தர அந்த நிறுவனம் முன்வந்தது. 2022இல் கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலக நெறிமுறையை மலேசியா ஏற்று உறுதிசெய்தது. கங்காணியின் தலைக்காசு ஏஜெண்டின் கட்டணமாகப் பெயர் மாறியிருப்பதை நம்மைவிட வேறு யார் சட்டென்று அடையாளம் காண முடியும்? கல்யாண வீடுகளில் நம்மவர்கள் 'பங்களாக்காரன்' என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

நூலும் தண்ணீரும்

இனிச் சட்டையின் நூலுக்கு வருவோம். ஒரு பருத்திச் சட்டைக்கு உலகச் சராசரியாக 2,500 முதல் 2,700 லிட்டர் வரை தண்ணீர் ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தினம் இரண்டு லிட்டர் குடித்தால், ஒரு மனிதருக்கு மூன்றரை ஆண்டுக்கு வரும். ஆனால் எண்ணைவிட இடம் முக்கியம். மழையை நம்பி விளைந்த பருத்தி எடுத்த தண்ணீர் வேறு, ஆற்றைத் திருப்பிப் பாய்ச்சிய தண்ணீர் வேறு. நடு ஆசியாவில் 1960-களிலிருந்து சோவியத் ஆட்சி ஆமு தாரியா, சீர் தாரியா என்ற இரண்டு ஆறுகளையும் பருத்திக் காட்டுக்குத் திருப்பியது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் வற்றிப்போனது. படகுகள் மணலில் நிற்கின்றன. காய்ந்த அடித்தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசி கிளம்பி, ஊர்மக்களின் நெஞ்சில் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் பருத்தியை விட்டுவிடலாமா? இன்று உலகில் தயாராகும் இழையில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். அது கச்சா எண்ணெயிலிருந்து வருவது. நெகிழிப் பைக்கு ஒன்றுவிட்ட தம்பி. 20 சென் போட்டுப் பையைத் துரத்திய நாம், அதன் தம்பியை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறோம். துவைக்கும்போது அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்கின்றன. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான நுண்ணிழைகள் வெளியேறலாம் என்று பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் கணக்கிட்டது. அவை கடலுக்குப் போகின்றன. கடல் மீன் சந்தைக்கு வருகிறது.

'ஆடைத் தொழில் உலகிலேயே இரண்டாவது பெரிய மாசுத்தொழில்' என்று ஒரு வரி வாட்ஸ்அப் புலனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது, பரப்பாதீர்கள். புவியைச் சூடாக்கும் வாயுக்களில் ஆடைத்தொழிலின் பங்கு 2 சதவீதம் என்பவரும் உண்டு, 10 சதவீதம் என்பவரும் உண்டு. எதைச் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். கெட்டதைக் கெட்டது என்று சொல்லப் பொய்க்கணக்கு தேவையில்லை.

கழற்றிப் போட்ட பிறகு

2000க்கும் 2015க்கும் இடையில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது. அதே காலத்தில், ஓர் உடையைக் கழிக்குமுன் எத்தனை தடவை உடுத்துகிறோம் என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட கணக்கு இது. பழைய உடையிலிருந்து புது உடையாக மறுபிறவி எடுப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணியைப் பிரிப்பது அவ்வளவு கடினம்.

நம் வீடுகளில் இது எங்கே நடக்கிறது என்று யோசித்தேன். எனக்கு முதலில் தோன்றியது கல்யாணத் 'தீம்'. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களெல்லாம் ஒரே பச்சை, தோழிகளெல்லாம் ஒரே ரோஜா நிறம். படம் எடுத்தபின் அந்தச் சேலையை இன்னொரு கல்யாணத்துக்குக் கட்ட முடிவதில்லை. பிறகு பிறந்தநாளுக்குக் குடும்பம் முழுக்கப் பேர் அச்சடித்த டீசட்டை. யாரையும் குறை சொல்ல வரவில்லை, நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு நாள் உடுத்திய பாலியெஸ்டர் சேலை, நாம் போனபின்னும் இங்கேயே இருக்கும்.

'பண்டல் கடைக்குக் கொடுத்துவிடலாமே' என்பார்கள். பண்டல் கடை நல்ல ஏற்பாடு. ஜப்பானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மூட்டையாக வரும் பழந்துணியைப் பிரித்து விற்பதால் பல உடைகளுக்கு இரண்டாம் ஆயுள் கிடைக்கிறது. லோரோங் கூலிட் சந்தையில் நான் வாங்கிய ஒரு லினன் சட்டை எட்டு ஆண்டாக உழைக்கிறது. ஆனால் உலகம் கழிக்கும் அளவுக்குப் பண்டல் கடைகளில் இடமில்லை. கானா நாட்டின் ஆக்ரா நகரில் காந்தமாந்தோ என்ற பழந்துணிச் சந்தை இருக்கிறது. அங்கே வந்து இறங்குவதில் விற்காதது கடற்கரையில் கயிறு கயிறாகத் திரண்டு கிடக்கிறது. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் துணிமலையே இருக்கிறது. விலைச் சீட்டுக்கூடக் கழற்றாத உடைகள் அதில் உண்டு.

இங்கேயும் அந்தக் கதை நமக்குத் தெரியும். சீனா 2018இல் வெளிநாட்டு நெகிழிக் குப்பைக்குக் கதவடைத்ததும், அது மலேசியா பக்கம் திரும்பியது. 2020 ஜனவரிக்குள் மலேசியா 150 கொள்கலன்களை, 3,737 டன் குப்பையை, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. பினாங்குத் துறைமுகத்தில் கிடந்த பெட்டிகளும் அதில் அடக்கம். அப்போது நாம் கோபப்பட்டோம், நியாயம்தான். காந்தமாந்தோக்காரருக்கும் அதே கோபம் இருக்காதா?

நம் குப்பையும் எங்கோதான் போகிறது. தீவின் வீட்டுக் குப்பை அக்கரையில், நிபோங் தெபாலை அடுத்த புலாவ் புரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது. தீவில் கழற்றிப் போட்ட துணியின் புகையை அக்கரையில் பிள்ளைகள் மூச்சாக இழுத்தார்கள்.

அப்போ வாங்கவே கூடாதா சித்தி?

வீட்டுக்கு வந்தபின் அக்காள் மகள் கேட்ட இரண்டாவது கேள்வி இது.

வாங்கலாம். மாதக் கடைசியில் மூன்று பிள்ளைகளுக்குத் துணி எடுக்கும் ஒரு தாயிடம் போய்ப் பதினைந்து வெள்ளிச் சட்டை பாவம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் அதைக் கிழியும்வரை போடவைப்பார், பிறகு தம்பிக்குக் கொடுப்பார், கடைசியில் தரை துடைப்பார். வாரம் ஒரு முறை கைப்பேசியில் விரலை ஓட்டி, வந்ததும் ஒரு படம் எடுத்துவிட்டு அலமாரிக்குள் திணிப்பவர்தான் இதில் யோசிக்க வேண்டியவர். ஒட்டுமொத்தமாக வாங்காமல் புறக்கணிப்பதையும் தையல் தொழிலாளர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. வேலை வேண்டும், அது கௌரவமான வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரு வகுத்தல் கணக்கு. பதினைந்து வெள்ளிச் சட்டையை ஐந்து தடவை போட்டால், ஒரு தடவைக்கு 3 வெள்ளி. தொண்ணூறு வெள்ளிச் சட்டையை நூற்றைம்பது தடவை போட்டால் 60 சென். அந்தப் பதினைந்து வெள்ளிச் சட்டையையே நூறு தடவை போட்டால் 15 சென். ரசீதில் வராத செலவுக்கும் இதே வகுத்தல்தான். ஆறு ஒரு தடவைதான் கெட்டது, தண்ணீர் ஒரு தடவைதான் போனது. அதை எத்தனை நாளுக்குப் பங்கிடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஓர் உடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினால் அதன் தண்ணீர், கரிமம், கழிவுச் சுமை 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று பிரிட்டனில் ராப் என்ற அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஒன்பது மாதம் என்பது பெரும்பாலும் ஒரு பொத்தான், ஒரு ஜிப், இடுப்பில் ஒரு தையல். பன்னிரண்டு வெள்ளி வாங்கிய தையல்கார ஆன்ட்டி உண்மையான கூலியைத்தான் வாங்கினார். அது நமக்கு அதிகமாகத் தெரிந்ததற்குக் காரணம், சட்டையின் விலை பொய்யாக இருந்ததுதான்.

இன்னொன்று, கேட்பது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவந்தது இதைத்தான். 2019இல் காலமான அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ், தேவையையும் ஆசையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர். எப்போதும் அதே எளிய வெள்ளை உடையில்தான் அவரைப் பார்க்க முடியும். பெரிய நிறுவனங்களிடம் கேட்க ஒப்பந்தமும் சட்டமும் வேண்டும், அதற்குத் தொழிற்சங்கங்களும் அரசுகளும் இருக்கின்றன. கடைத்தெருவில் கேட்க நாமே போதும்.

மறுவாரம் அதே கடைக்கு மறுபடி போனோம். அக்காள் மகள் அந்தக் குர்த்தியை எடுத்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள். "அண்ணே, இது எங்க தைச்சது?"

அவர் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார். "திருப்பூர்மா. நல்ல துணி, வெளுக்காது."

"சாயம் எங்க போட்டாங்க? அந்தத் தண்ணிய என்ன பண்றாங்க?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் குர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இருபது வருசமா கடை வச்சிருக்கேன், இத யாரும் கேட்டதில்லம்மா. தை மாசம் சரக்கெடுக்கப் போறேன். அங்க கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நாட்காட்டியில் எதையோ குறித்துக்கொண்டார்.